முதலில் கவனித்த தேதி

அம்பாசமுத்திரத்தில் பன்னிரண்டு வருஷமாய்
மருத்துவக் காப்பீடு விற்கிறேன்.
கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனிக்காரர்கள்,
வீரவநல்லூர் தறிக்காரர்கள்,
விக்கிரமசிங்கபுரத்தில் மில் ஷிப்டு முடிந்து
சைக்கிளை உருட்டி வருகிறவர்கள்,
எல்லாரிடமும் ஒரே வாக்கியம்தான்:
"படுத்துட்டா கம்பெனி பாத்துக்கிடும்."

படுத்துட்டா.
நாற்பத்தியோரு பக்கமும்
அந்த ஒரு சொல்லுக்குள் இருந்திருக்கிறது.
சொன்ன எனக்கே தெரியவில்லை.

என் மகள் படுக்க மாட்டேன் என்கிறாள்.
சாப்பிட உட்கார்ந்தால் இரண்டாம் வாய்க்கு
மொட்டை மாடியில் இருப்பாள் சுபிக்‌ஷா.
போன மாதம் மட்டும் மூன்று ஜாமெட்ரி பாக்ஸ்.
கணக்குப் பரீட்சையில்
ஏழாம் கேள்விக்குச் சரியான விடை,
ஆறாவது என்று ஒன்று இருந்ததே தெரியாது.

பாளையங்கோட்டை டாக்டர்
நான்கு ஆங்கில எழுத்து எழுதினார்.
கீழே மாத்திரை.
அதற்கும் கீழே, வாரம் இரண்டு பயிற்சி,
தடவைக்கு எழுநூறு.

அன்று ராத்திரி
நான் விற்ற பாலிசியை முதன்முறை படித்தேன்.
மனநலச் சிகிச்சை உண்டு என்றது ஒன்பதாம் பக்கம்.
மயிலம்மையைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்,
அவள் காப்பிகூடப் போட்டுவிட்டாள்.
பதினேழாம் பக்கம்:
உள்நோயாளியாக, இருபத்துநாலு மணி நேரம்.

இருபத்துநாலு நிமிஷம்
ஓரிடத்தில் இருக்க முடியவில்லை என்றுதானே
டாக்டரிடம் போனோம்!

கம்பெனிக்குப் போன் போட்டேன்.
ஒன்றை அழுத்தி, நான்கை அழுத்தி,
வீணையைக் கேட்டு, மறுபடி ஒன்றை அழுத்தி
கடைசியில் ஒரு பெண்.
"சிம்ப்டம்ஸ் முதல்ல எப்போ கவனிச்சீங்க சார்?
தேதி வேணும்."

எந்தத் தேதியைச் சொல்ல?
எல்.கே.ஜி. மிஸ்
"நல்ல பிள்ளைதான், ஆனா" என்று
ஆனாவிலேயே நிறுத்திய நாளையா?
ஆற்றில் நான் துண்டைப் பிழிந்து நிமிர்வதற்குள்
ஒரு மீன்கொத்தியின் பின்னால்
அடுத்த படித்துறைக்குப் போயிருந்தாளே, அந்த ஞாயிற்றுக்கிழமையையா?
"வயித்துக்குள்ளயே சும்மா கெடக்கலியே அவ"
என்றாள் மயிலம்மை, பின்னாலிருந்து, சத்தமாக.
போனைப் பொத்திக்கொண்டேன்.
அது காதில் விழுந்தால்
'முன்பே இருந்த நோய்' என்று எழுதிவிடுவார்கள்.
பாலிசியில் அவள் பெயர் சேர்ந்தது
பிறந்து தொண்ணூற்றோராம் நாள்.
அதற்கு முந்தைய தொண்ணூறு நாளும்
அவள் அவளாகத்தான் இருந்தாள்.

அடுத்த செவ்வாய், டாக்டர் வாசலில்,
எதிர் நாற்காலியில் முப்பிடாதி.
வீரவநல்லூர். மூன்று வருஷ பாலிசி. என் கையெழுத்து.
மடியில் மஞ்சள் பை நிறைய பில்.
"அண்ணாச்சி, கபிலேஷுக்கும் இங்கதான் பாக்கோம்.
ஏழாயிரம் ஆயிட்டு.
பாலிசி இருக்குல்லா? நீங்கதான சொன்னிய,
எல்லாம் வருமின்னு?"

தண்ணீர் குடித்தேன்.
"பில்லு ஒண்ணையும் கழிக்காதீங்க.
அவங்க முடியாதுன்னா
முடியாதுன்னு எழுத்துல வாங்குங்க.
அதுக்கு மேல புகார் கொடுக்க
சென்னையில ஒரு ஆபீஸ் இருக்கு.
நானும் என் பிள்ளைக்கு எழுதப் போறேன், சேந்தே எழுதுவோம்."
"அப்போ கெடைச்சிரும்?"
"தெரியலக்கா."

பன்னிரண்டு வருஷத்தில்
ஒரு வாடிக்கையாளரிடம் இதைச் சொன்னதில்லை.
அவள் என்னை ஏசவில்லை.
பையை இறுக்கிக் கட்டினாள்,
பிறகு அவிழ்த்துத் தேதிவாரியாக அடுக்க ஆரம்பித்தாள்.

பிள்ளைகள் இரண்டும்
எடை பார்க்கும் எந்திரத்தில் ஏறுகின்றன, இறங்குகின்றன,
முள் எந்த எண்ணிலும் நிற்கவில்லை.

பதினொன்று என்று கூப்பிட்டார்கள்.
எங்கள் எண்தான்.
டோக்கன் சுபிக்‌ஷா கையில் இருந்தது,
கொஞ்ச நேரம் முன்பு வரை.
நாற்காலிகளுக்கு அடியில்
குனிந்து தேடுகிறேன்,
எதிர் வரிசையில் முப்பிடாதியும் குனிகிறாள்.