உதவக் கூடாது

முதல் விதி அதுதான்.
பயன்படுத்துபவர் திணறினால் திணறட்டும்.
விரல் தவறான பொத்தானைத் தேடிப் போனால்
போகட்டும், நொடியைக் குறித்துக்கொள்.
முகச்சுளிப்புக்கு ஒரு கோடு.
பெருமூச்சுக்கு ஒரு கோடு.
உதவக் கூடாது.

பிரேசர் டவுன், டயாலிசிஸ் பிரிவு, காலை எட்டேகால்.
சிஸ்டர் பிலோமினாவின் முதுகுக்குப் பின்னால்
பிளாஸ்டிக் ஸ்டூலில் நான்,
மடியில் படிவம்,
கழுத்தில் 'பார்வையாளர்' அட்டை.
மாரிக்குப்பத்தில் இருட்டோடு ரயிலேறி
பங்காருப்பேட்டையில் ஒருமுறை விழித்து
மறுபடி தூங்கி வந்தவர் அவர்.
"தங்கவயல் தமிழு சார், நடுநடுவே கன்னடம் வரும்,
அதெல்லாம் எழுதிக்காதீங்க."
எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் எண் இயந்திரம் பழுது.
ஒன்பதரைக்கு வரவேண்டிய நாராயணப்பாவை
மாலை ஆறுக்கு மாற்ற வேண்டும்.
டாக்டர், பார்மசி, குடும்பம்
எல்லோருக்கும் ஒரே தட்டலில் செய்தி போகும்
என்று சொல்லித்தான் விற்றோம்.
எண்ணினேன்:
பதினேழு.

ஒன்பதாவது தட்டலில்
ஐந்தாம் படுக்கையிலிருந்து அலாரம்.
எழுந்து போய்
மடங்கிய குழாயை நிமிர்த்திவிட்டு வருவதற்குள்
திரை பூட்டிக்கொண்டது.
மறுபடி கடவுச்சொல்.
அதில் ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறி.
தொண்ணூறு நொடியில் பூட்டத்தான் வேண்டுமென்று
கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசியவன்
நான்.

'உடன் வருபவர்: உறவு' என்றது செயலி.
மனைவி இல்லை. மகன் ஷார்ஜாவில்.
அழைத்து வருவது பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் கலீம்.
பட்டியலின் அடிவரை உருட்டி
'பிற'வைத் தொட்டார்.
'விளக்கவும்' என்று சிவந்தது கட்டம்.
ஒரு கணம் யோசித்துவிட்டு அடித்தார்:
வருபவர்.

பச்சை டிக்.
நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி.
பணி நிறைவு: ஆம்.
தகவல் சேர்ந்தது
பதிவு செய்த எண்ணுக்கு,
இரவு ஷிப்ட் முடித்து
ஷார்ஜாவில் தூங்கும் மகனின் தலைமாட்டுக்கு.

பிலோமினா டிக்கைப் பார்க்கக்கூட இல்லை.
பாக்கெட்டிலிருந்து மைக்ரோபோர் டேப்பை எடுத்து
பல்லால் ஒரு துண்டு கிழித்தார்.
அவர் சட்டை விளிம்பில்
ஏற்கெனவே நான்கு துண்டுகள், நீல மையில்:
'2 ஹெப்பாரின் பாதி.' 'ஷாந்தம்மா பையன் பில்.'
பூட்டாத திரைகள்.
புதியதில் எழுதினார்:
'நாரா. 6. கலீம்', கீழே ஓர் எண்.

அதற்குள் முதல் படுக்கையில் ரத்த அழுத்தம் சரிந்தது.
ஓடும்போது அந்தத் துண்டை
என் சட்டைக் கையில் ஒட்டிவிட்டுப் போனார்.
"சும்மாதானே குந்திருக்கீங்க, ஒரு போன் போடுங்க."

சும்மா இல்லை என்று சொல்ல
எனக்கு ஒரு முழுப் பக்க விதிமுறை உண்டு.
மணி எட்டு ஐம்பது.
எலகங்காவிலிருந்து கிளம்பியிருப்பார்கள்.
தண்ணீரை அளந்து அளந்து குடிக்கிற மனிதர்
வந்தால் மாலைவரை
நடைபாதை இரும்பு நாற்காலியில்
வீங்கிய காலோடு உட்கார்ந்திருப்பார்.
நாளை அறிக்கையில் நான் அதை
'கற்றுக்கொண்ட பாடம்' என்று எழுதுவேன்.

போட்டேன்.

ஹாரன்களுக்கு நடுவே ஒரு குரல்:
"ஹெப்பால் ஃப்ளைஓவருக்கு முன்னாடி நிக்கிறேன், யாரு?"
அந்தக் கேள்விக்கு
என் படிவத்தில் கட்டம் இல்லை.
"பிலோமினா சிஸ்டருக்குப் பின்னாடி
உக்காந்திருக்கிறவன்" என்றேன்.
"சரி, சொல்லுங்க."
சொன்னேன்.
அய்யாவிடம் அவர் கன்னடத்தில் ஏதோ சொல்ல,
அய்யா சிரிப்பதோ இருமுவதோ கேட்டது.
வண்டி திரும்பும் சத்தமும்.

மாலை, கேள்வித்தாள்.
'இச்செயலியை அடிக்கடிப் பயன்படுத்த விரும்புவேன்.'
'இதைக் கற்க எளிதாக இருந்தது.'
'இது தேவையின்றிச் சிக்கலாக உள்ளது.'
பத்துக்கும் நான்கு போட்டார்,
ஒன்றுக்கொன்று முரணான கேள்விகளுக்கும் நான்கு.
"ரயிலுக்கு லேட் ஆகுது சார், நல்லாத்தான் இருக்கு."

மிஞ்சியது ஒரு வரி.
'சோதனையின்போது வெளி உதவி பெறப்பட்டதா?'
ஆம்.
'உதவியவர்?'
பிற.
'விளக்கவும்.'

வீடு போகும் பஸ்ஸில்
சட்டைக் கையிலிருந்து டேப்பை உரித்தேன்.
இரண்டு நூல் இழையும் கூடவே வந்தது.
'6' மட்டும் அழியாமல் இருந்தது.
மணி ஆறு இருபது.
இந்நேரம் ஊசி ஏற்றியிருப்பார்கள்.