ஐந்தாவது துளை

குறிப்பலகைக்குக் கீழே குழியில் நிற்பவனுக்குச்
சுடுகிறவன் முகம் தெரியாது.
தலைக்கு மேல் சாட்டை சொடுக்கும் சத்தம்,
பின்னால் மணல்மேட்டில் கொஞ்சம் புழுதி,
காகிதத்தில் ஒரு வெளிச்சப் பொட்டு.
அதை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன்.
இடப்பக்கம் இழுத்தால் கிட்டங்கிப் பரெத்தோ.
மூன்று துளையும் ஒரு டாலர் காசுக்குள் அடங்கினால்
பல் வைத்தியர் செக்கேரா.
காகிதத்தில் ஒன்றுமே இல்லையென்றால்
ஒசோரியோ.

வலேரியோ ஒசோரியோ. வங்கியில் பேரேட்டு எழுத்தன்.
கண்ணாடி இல்லாமல் தன் கையெழுத்தே தெரியாது,
போட்டால் வியர்வையில் மூக்கைவிட்டு வழுக்கும்.
வாரமெல்லாம் ஊரார் பணத்தைக் கூட்டிவிட்டு
சனி மாலை எங்களோடு இடம் வலம் போடுவான்.
தொண்டர் படை.
தொப்பியும் கால்பட்டியும் அரசருடையவை,
கொப்புளம் எங்களுடையது.
ஆங்கிலேயருக்கு ஒரு கம்பெனி, எங்களுக்குத் தனியாக ஒன்று.
ஹாங்காங்கில் எங்களுக்குப் போர்த்துக்கீசியர் என்று பெயர்;
லிஸ்பனை ஒருவனும் பார்த்ததில்லை.

ஆகஸ்டு ஞாயிறு. கவ்லூன் சுடுதளம்.
பூசை முடிந்து நேரே வந்திருந்தோம்.
கடைசி ஆள் தேறும்வரை
எவனும் வீட்டுக்குப் போக வேண்டாம்
என்றார் சார்ஜென்ட் பிரிங்கிள்.
ஒசோரியோவுக்காக மூன்று முறை சிவப்புக் கொடி ஆட்டினேன்.
வீட்டில் மிஞ்சி ஆறிக்கொண்டிருந்தது:
கொத்துக்கறி, மேலே பொரித்த முட்டை.
மஞ்சள் கரு இறுகிப்போனால் அப்புறம் அதில் என்ன இருக்கிறது?
கருணை என்று பிற்பாடு சொல்லிக்கொண்டேன்.
அன்றைக்கு அது பசி.

நான்காம் சுற்று, துரித வேட்டு.
எட்டுத் துப்பாக்கியும் ஒன்றாக இரைந்து ஓய்ந்தன.
பலகையை இறக்கினேன்.
கீழ்மூலையில் ஒரே ஒரு கிழிசல்.
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தேன்.
திரீ-நாட்-திரீ தோட்டாவுக்கும் மரப் பென்சிலுக்கும்
பருமனில் பெரிய வித்தியாசம் இல்லை.
கறுப்புக்குள் நான்கு. ஒன்று விளிம்புக் கோட்டில்,
பிரிங்கிள் நம்ப வேண்டுமே.
கிழிசல்மேல் பசை தடவி ஓர் ஒட்டு.
ஏற்றினேன்.

தூரத்தில் கூச்சல் கேட்டது.
குறுக்குத் துப்பாக்கிச் சின்னத்தை
அவன் மனைவி சட்டைக் கையில் நுணுக்கமாகத் தைத்தாள்.
என் கல்யாணத்துக்கும் அந்தச் சட்டையில்தான் வந்தான்.

டிசம்பரில் ஜப்பானியர் எல்லை தாண்டினார்கள்.
அறிவிப்புப் பலகையில் தட்டச்சுத் தாள் ஒன்று:
குறி தவறாதோர் மட்டும் நீர்த்தேக்க மேட்டுக்கு.
ஏழாவது பெயர் அவனுடையது.
பிரிங்கிளின் கூடாரம்வரை போனேன்.
வரைபடத்தில் குனிந்திருந்தவர்
நிமிராமலே என்ன வேண்டும் என்றார்.
பூட்ஸ் கயிறு என்றேன்.
கொடுத்தார்.

லாரியில் ஏறுமுன் ஒசோரியோ
கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான்.
என்னைப் பார்த்துக் கையசைத்தான்,
கவுண்டரை மூடியபின்
நாளைக்கு வாருங்கள் என்பதுபோல.

பிப்ரவரியில், சிறைமுகாமுக்கு,
ஒரு புகையிலை டப்பா வந்தது.
கொண்டுவந்தவன் மேட்டில் நடந்ததை
இரண்டு விதமாகச் சொன்னான்.
இரண்டிலும் ஒசோரியோ திரும்பவில்லை.

டப்பாவுக்குள் அந்தோனியார் சுரூபம்.
ஆகஸ்டு மாத மதிப்பெண் சீட்டு, ஐந்துக்கு ஐந்து,
கீழே பிரிங்கிளின் கிறுக்கல்.
சீட்டுக்குள் சுருட்டிய ஒரு தோட்டா.
அடியில் ஊசி குத்திய தடம்,
முனையில் ஈயம் அப்படியே.
வெடிக்கவில்லை.

நான்குதான் சுட்டிருக்கிறான்.
பலகை ஐந்து காட்டியது.
பேரேட்டு எழுத்தனுக்கா
கணக்குத் தெரியாது?

சீட்டையும் சுரூபத்தையும் அவன் மனைவிக்கு அனுப்பினேன்.
தோட்டா என்னிடம்.