மாடிப்படிக்குக் கீழே ஒரு பூட்டு

இரவு முழுக்க இரத்தத்தை
நான்கு பாகையில் காக்கிறவள் நான்.
இரத்த வங்கியின் குளிர்ப்பெட்டிக் கதவு
கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருந்தால்
அலாரம் கத்தும். ஓடிப்போய்ச் சாத்துவேன்.
கொப்பியில் நேரம் எழுதிக் கையெழுத்து வைப்பேன்.

காலை எட்டரைக்கு உவர்மலை ஏறி வந்தால்
என் இரத்தத்துக்குப் பொறுப்பாக ஒருவரும் இல்லை.

மேல்மாடி அனெக்ஸ். ஒரு அறை, ஒரு குசினி,
தலைக்கு நேரே சீற்.
பத்து மணிக்கு அது நெட்டி முறிக்கத் தொடங்கும்,
பெரிய கையொன்றின் விரல்கள் போல, டிக், டிக்.
பத்தேகாலுக்கு ஃபேன்
தன் இறக்கைகளை எண்ணிப் பார்க்கத் தந்துவிட்டு
நிற்கும்.

கீழே, மாடிப்படிக்கு அடியில்,
மெயின் சுவிட்ச் பெட்டிக்குப்
பஸ்தியாம்பிள்ளை பூட்டுப் போட்டிருக்கிறார்.
திறப்பு அந்தோனியார் சுருவத்துக்குப் பின்னால்.
தொலைந்ததையெல்லாம் எடுத்துத் தருகிறவர்
இதை மட்டும் ஒளித்து வைத்திருக்கிறார்.

"பகல்ல ஆர் பிள்ளை படுக்கிறது?
இரவில போடு, நான் வேண்டாமெண்டனானா?"

இரவில் நான் வீட்டில் இல்லை என்பது
அவருக்குத் தெரியும்,
மீற்றருக்கும் தெரியும்.

ஒப்பந்தத்தைக் காட்டினேன்.
'மின்சாரம் உள்ளடங்கலாக.'
கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.
"மின்சாரம் எண்டுதானே கிடக்கு,
எந்நேரமும் எண்டு இல்லையே."

ஆய்வுகூடத்தில் கழித்துப் போட்ட வெப்பமானியைக்
கொண்டுவந்து சுவரில் கட்டினேன்.
பத்து மணி: முப்பத்தாறு.
பன்னிரண்டு: முப்பத்தெட்டரை.
இரண்டு மணிக்கு எழுதவில்லை,
பேனை வழுக்கிக்கொண்டே இருந்தது.

"ஆஸ்பத்திரிச் சாமான்
காய்ச்சல்தானே காட்டும்" என்றார்.

அப்ப வந்து இருந்து பாருங்கோ, என்றேன்.

வந்தார்.
இருந்த ஒரே கதிரையில்
கோயில் முன்வாங்கில் இருப்பவர் மாதிரி நிமிர்ந்து இருந்தார்.
கையில் கரண்ட் பில், சாட்சிக்கு.
நான் நிலத்தில்.
யன்னலுக்குக் கீழே மதில் நிழலில்
இரண்டு மான், சொப்பிங் பை ஒன்றை மென்றபடி.
அவற்றை எழுப்ப ஒருவருக்கும் மனம் வராது.

இருபது நிமிடத்தில் ஒரு பொத்தான்.
முப்பதில் இன்னொன்று.
நாற்பதாவது நிமிடம்
நாடியிலிருந்து ஒரு துளி
பில்லின் மொத்தத் தொகையில் விழுந்தது.
பெருவிரலால் துடைத்தார். எண் கரைந்தது.

"இது கச்சான், பிள்ளை.
கச்சான்ர சூடு.
என்ர வீட்டுச் சூடு இல்லை."

அவர் இறங்கிப் போன பிறகும் அதையே யோசித்தேன்.
மலைக்கு அந்தப் பக்கம் மழையை இறக்கிவிட்டு
கந்தளாய்ப் பற்றைக்காடெல்லாம் காய்ந்து வருகிற காற்று
எந்த இடத்தில் அவருடையதாகிறது,
எந்த இடத்தில் எனக்கு வாடகைக்கு வருகிறது?
கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு.
வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்கிறோம்.
ஒன்றுக்கும் சுவிட்ச் இல்லை.
டிக்கெட் மட்டும் உண்டு.

அடுத்த நாள் பெட்டியில் பூட்டு இல்லை.
பத்தேகால் போனது, பத்தரை போனது,
ஃபேன் சுற்றியது.
எப்போது நிற்கும் எப்போது நிற்கும் என்று
நான்தான் நித்திரை கொள்ளவில்லை.

மாத முடிவில் பற்றுச்சீட்டு வந்தது,
சாய்ந்த, அழகான கையெழுத்தில்:
வாடகை பதினெட்டாயிரம்.
தண்ணீர் ஐந்நூறு.
காற்று ஆயிரத்து ஐந்நூறு.

அதன் கீழே நான் எழுதினேன்:
சூடு, கழிவு.
தொகையை எழுதாமல் இடம் விட்டு
காசோடு மடித்து
அந்தோனியாரின் காலடியில் வைத்துவிட்டு
வேலைக்குப் போனேன்.