பன்னிரண்டு நொடி

காலையிலிருந்து ஏழு முறை மூழ்கியாயிற்று.
இன்றைக்கு என் வேலை அதுதான்.
நானூறு மீட்டரை ஒன்பது நிமிடத்துக்குள் நீந்தினால் காவலர்.
பன்னிரண்டு நொடி பிந்தினால்,
விருப்பமிருந்தால்,
மற்றவர்கள் தேர்வில் காப்பாற்றப்படும் உடல்.
எனக்கு விருப்பமிருந்தது.
சனிக்கிழமையில் பள்ளிப் பேருந்து ஓடுவதில்லை.

இங்கே மணல் கறுப்பு. டிசம்பரில் வெறுங்காலோடு நிற்க முடியாது.
ஆக்லாந்திலிருந்து வருகிறவர்கள்
சிவப்பு மஞ்சள் கொடிகளை விட்டு விலகி
அலை உடையாத சாந்தமான இடமாகப் பார்த்து இறங்குவார்கள்.
சாந்தமல்ல அது. உள்ளே இழுக்கிற வாய்க்கால்.
அதன் ஓரத்தில் ஒரு கையை உயர்த்திவிட்டு
நான் அடங்கிப் போக வேண்டும்.
கத்தக் கூடாது.
மூழ்குகிறவருக்குக் கத்த மூச்சு ஏது?

முதலில் டூகல். பழுதான லாரிகளை இழுத்து வருபவன்.
என்னையும் லாரி மாதிரியே இழுத்து வந்தான்,
மிதவையின் கொக்கியை மாட்ட மறந்து.
அப்புறம் மெரியானா, வங்கிக் கவுன்ட்டர்.
அலைக்கு நடுவே, வீட்டுக்கடன் பேசும் குரலில்
"உங்களுக்கு உதவ வந்திருக்கிறேன்" என்றாள்.
மூழ்கிக்கொண்டே சிரித்துவிட்டேன்.
அவளுக்கு மதிப்பெண், எனக்கு எச்சரிக்கை.
மற்ற ஐந்து பேர் முகம் நினைவில்லை,
உப்புதான் நினைவிருக்கிறது.

எட்டாவது முறை
கால் வைத்த இடத்தில் தரை இல்லை.
கரை, கொடி, தேர்வாளர் நைரியின் தொப்பி
எல்லாவற்றையும் யாரோ பாய்போலச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.
கையை உயர்த்தினேன்.
அதே கை. அதே உயரம்.
கரையிலிருந்து பார்த்தால் என்ன வித்தியாசம்?

வந்தவள் லோசா. ரொட்டிக்கடை, நகக்கண்ணில் மாவு.
பாடத்தில் உள்ளபடி இரண்டடி தள்ளியே நின்றாள்.
பாடத்தில் இல்லாத வேகத்தில் அவள் கழுத்தைப் பிடித்தேன்.
மோவாயை மார்போடு தாழ்த்தி
என்னையும் கூட்டிக்கொண்டு நீருக்கடியில் போனாள்;
பிடி தானாக விட்டது.
மிதவை கைக்கு வந்ததும்
அதைக் கடித்தேன் என்று நினைக்கிறேன்.

நைரி அட்டையில் குறித்தாள்:
மூழ்கியவர் நடிப்பு, நன்று.
லோசாவின் கழுத்தில் என் நகங்கள் நாலு கோடாக இருந்தன.
துண்டை அதன் மேல் போட்டுக்கொண்டு
மண்டியிட்டு என் தோளைத் தட்டினாள்.
"நான் பேசுவது கேட்கிறதா?"

நான் பதில் சொல்லக் கூடாத கேள்வி.
மயங்கிக் கிடக்க வேண்டும், அவள் மூச்சைப் பார்க்க வேண்டும்,
பத்துவரை எண்ண வேண்டும்.
"கேட்கிறது" என்றேன்.

நைரி பேனாவை மூடவில்லை.
"மறுபடி" என்றாள், கடலைக் காட்டி.
லோசா எழுந்தாள். யாரிடமும் கேட்காமல்
ஓரத்துக் கொடியைப் பிடுங்கி
முப்பதடி வடக்கே நட்டுவிட்டு
"இப்போது போ" என்றாள்.