பின்சக்கரம்

நெப்ராஸ்காவில், சோளக்காட்டை ஒட்டி,
இரண்டு கல்லறைகளுக்கு நடுவே
நின்றுவிட்டது புல்வெட்டி.
எஞ்சின் உறுமுகிறது. பின்சக்கரம் இரண்டும்
இறுகிக் கிடக்கின்றன.

லுட்மிலா முதலில் கியர்பெட்டியைத்தான் திட்டினாள்.
அணைத்துவிட்டு,
பின்னாலிருந்த விடுவிப்புக் கம்பியை இழுத்து
தள்ளினாள்.
புல்தான் கிழிந்தது.
புதுப்பெட்டி எண்ணூறு டாலர்;
கல்லறைக் கணக்கில் இருப்பதோ இருநூற்றுப் பத்து.

அப்புறம்தான் படுத்துப் பார்த்தாள்.
பிரேக் நெம்புகோலின் சுருள்வில்லில்
பச்சைக் கம்பி,
பிளாஸ்டிக் ரோஜாத் தண்டு.
போன மாதம் ஹவ்லிசெக்கின் கல்லருகே
அவளே குத்திவைத்தது.

உயிரோடிருந்தபோதும் இப்படித்தான்:
கிளம்பும் நேரம் பார்த்து
ஒரு பேச்சை எடுப்பான்.

குறடால் நறுக்கினாள்.
சக்கரம் கையோடு உருண்டது.
தண்டில்லாத ரோஜாவைச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
அவன் வரிசையை மட்டும்
இன்னொரு முறை வெட்டினாள்,
மெதுவாக.