பதினேழு சங்கங்களின் மினிட் புத்தகம்

ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்கு மறுநாள்
அம்பாசமுத்திரத்தில்
பாதி வாடகைக்குக் கிடைத்தது மண்டபம்.
மேடையில் யாரோ மணமக்களின் பெயர்
தெர்மாகோலில் மினுங்கிக்கொண்டிருக்க
அதற்குக் கீழே எங்கள் பேனரைக் கட்டினோம்:
தனி மாவட்டக் கோரிக்கைக் கூட்டமைப்பு.
சங்கங்கள் பதினேழு.
பேனரில் பதினாறுதான் இருந்தன.
விட்டுப்போனது ரயில் பயணிகள் சங்கம்.
கோபித்து வெளியே போனவர்கள்
செருப்பைத் தேடி எடுப்பதற்குள்
சமாதானமாகிவிட்டார்கள்.

கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று
பீடிச் சங்கத்திலிருந்து என்னை உட்காரவைத்தார்கள்.
பேச இல்லை. எழுத.

பொருள் ஒன்று, மாவட்டத்தின் பெயர்.
பொருநை என்றார் வாத்தியார் கோமதிநாயகம்.
பொதிகை என்றார் அரிசி ஆலை சவரிராயன்.
"ரயிலுக்கு வச்ச பேர
மாவட்டத்துக்கு வைக்கச் சொல்லுதீராவே?"
என்றார் மைதீன் பிச்சை.
ஒன்றேகால் மணி நேரம்.
நான் எழுதியது: பெயர் பின்னர் முடிவு செய்யப்படும்.

பொருள் இரண்டு, தலைமையிடம்.
அம்பையா சேரன்மாதேவியா என்று தொடங்கி
எந்த வருசம் எவன் எவன் மடையை
ராத்திரியில் திறந்துவிட்டான் என்பதில் வந்து நின்றது.
"நீரு மொதல்ல உக்காரும்வே!"
இதை எப்படி எழுத?
நான் எழுதியது: விரிவாக விவாதிக்கப்பட்டது.

அப்போதுதான், யாரும் கூப்பிடாமல்,
பின் வரிசையில் எழுந்தாள் உடையம்மை.
"விதவைப் பணத்துக்கு மனு கொடுக்க
கொக்கிரகுளத்துக்கு ஒம்பது திங்கக்கெழம போனேன்.
ஒம்பது நாள் கூலி.
கலெக்டர் ஆபீஸ் வரிசையில நின்னா
ஆறு தெரியும்.
எங்க ஊரு வழியா வந்த தண்ணிதான்.
நான் பஸ் மாறி வாரதுக்குள்ள
அது எனக்கு முன்னால வந்து
அது பாட்டுக்குப் போயிக்கிட்டு இருக்கும்.
அதுக்கு மனுவும் வேண்டாம், டோக்கனும் வேண்டாம்."
உட்கார்ந்துவிட்டாள்.
மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது.

சுருக்கமாக எழுதணும் என்பது விதி.
நான் அவள் சொன்னபடியே
பதினோரு வரி எழுதினேன்.

வரைபடம் வந்தது.
ஓய்வுபெற்ற சர்வேயர் உச்சிமாகாளி
நான்கு மூலைக்கும் தண்ணீர் பாட்டில் வைத்து
சிவப்புப் பேனாவைத் திறந்தார்.
மலையில் தொடங்கிய கோடு
ஆற்றைத் தாண்டியது,
தண்டவாளத்தோடு கொஞ்ச தூரம் நடந்தது,
நங்கையாள்குளத்துக்கு ஒரு பர்லாங் இருக்கையில்
என்ன நினைத்ததோ
மேற்கே திரும்பிக்கொண்டது.

நங்கையாள்குளம் என் ஊர்.
முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து
அங்கே வாங்கினேன்.
இலை வெட்டுகிற கத்தரியை மடியில் வைத்துவிட்டு
ஒவ்வொருத்தியும் போட்டாள்.
தாளை உதறினால் இன்னும்
புகையிலைத் தூள் விழும்.

"சார், எங்க ஊரு?"

"டெக்னிக்கலா அந்தப் பக்கம் வருதும்மா.
அப்புறம் பாத்துக்கிடுவோம்."

அப்புறம்.
கொக்கிரகுளத்து ஜன்னலுக்குள்ளிருந்தும்
இந்தச் சொல்தான் வரும்.
இத்தனைக்கும் இவர் நல்ல மனுசன்.
எனக்கு டீ வந்ததா என்று
இரண்டு தடவை கேட்டார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது.
கடையடைப்புக்குத் தேதி குறித்தார்கள்,
மெடிக்கல் ஷாப்புக்கு விலக்கு,
பால்காரருக்கு விலக்கு,
ஆளுக்கு இருநூறு ரூபாய் வசூல்.
தயிர்சாதம் மணக்கத் தொடங்கியதும்
எல்லாத் தீர்மானமும் ஏகமனதாகியது.

அவர்கள் கை கழுவப் போனார்கள்.
நான் எழுதிக்கொண்டிருந்தேன்.
பொருள் பன்னிரண்டு:
நங்கையாள்குளமும்
கோட்டுக்கு ஒரு பர்லாங் வெளியே நிற்கிற
எந்த ஊரும்
புது மாவட்டத்தில் சேர்த்தி.

அதே முத்து முத்தான கையெழுத்து.

தலைவருக்கு வாசலில் கார் நின்றது.
கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பி
படிக்காமல் போட்டார்.
அவர் போட்டதைப் பார்த்து
பதினாறு பேரும் போட்டார்கள்.
எங்கள் சங்கத்து முத்திரையை
நானே குத்தி, ஊதிக் காயவைத்தேன்.

வெளியே வருகையில்
மேசைக்கு அடியில் குனிந்து குனிந்து
சர்வேயர் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

சிவப்புப் பேனா என் பையில் இருந்தது.