உப்புப் போட்ட ஞாபகம்

புரட்டாதிக் கடைசியில் ஒரு விடியல்
நூற்றெண்பது றாத்தல் பாணும்
உப்பில்லாமல் வெந்திருந்தது.
கல்லடிப் பாலம் தாண்டிப் போன ஓட்டோக்காரன்
பாதி வழியில் திரும்பி வந்து
"மாஸ்டர், இது ஆஸ்பத்திரிப் பாணா?" என்றான்.
போட்டேனே, கை வெள்ளையாய் இருந்ததே.
மாவும் வெள்ளை, உப்பும் வெள்ளை,
கை எதற்குச் சாட்சி சொல்லும்?

மறுகா நௌபீல் ஒன்றும் கேட்கவில்லை.
நான் பீடி பற்றவைக்க வெளியே போகும் நேரம் பார்த்து
பிசைந்த மாவில் ஒரு நுள்ளுக் கிள்ளி
நாக்கில் வைக்கிறான்.
கதவு நிலையில் நின்று கண்டேன்.
கண்டதை அவனுக்குச் சொல்லவில்லை,
அவன் எனக்குச் சொல்லாத மாதிரியே.

முப்பத்தொரு வருடமாய் இரவென்றால் வேலை.
அதற்கு முதல்
இரவென்றால் நாய் குரைப்பது.
எந்தத் தெருவில் தொடங்கி
எந்தத் தெருவுக்கு வருகிறதென்று எண்ணுவது.
அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துச்
சட்டையோடு படுப்பது.
போறணை வேலை கிடைத்தபோது சந்தோசம்தான்:
விழித்திருக்கச் சம்பளமும் தருகிறார்கள்!

கிளினிக்கில் டொக்டர் பிள்ளைக்கு என் மகளின் வயது.
"எத்தனை மணித்தியாலம் நித்திரை, ஐயா?"
"பகலில் மூன்று. மப்பாக இருந்தால் நாலு."
துண்டின் பின்பக்கம் ஒரு தலையைக் கீறினாள்,
உள்ளே சின்னச் சின்ன வாய்க்கால்.
ஆழ்ந்த நித்திரையில்தான்
மூளை தன்னைக் கழுவிக்கொள்ளுமாம்.
கழுவாத அழுக்கு வருடக்கணக்கில் படியுமாம்.
"அப்ப மறதி நோய்க்கு இதுதானா காரணம்?"
"அப்படிச் சொல்லேலாது, ஐயா. தொடர்பு இருக்கு.
நித்திரை கெட்டு மறதி வருதா,
மறதி வரப்போய் நித்திரை கெடுதா,
இன்னும் முழுக்கப் பிடிபடயில்ல."
தெரியாததைத் தெரியாதென்றாள்.
அதனால் மற்றதையும் நம்பினேன்.

வீட்டுக்குப் போகவில்லை,
சைக்கிளை முகத்துவாரத்துக்கு மிதித்தேன்.
வாய் அடைத்துக் கிடந்தது.
வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மண் திட்டி,
நடந்தால் முப்பது எட்டு வராது.
இந்தப் பக்கம் தண்ணீர் தடித்துப் பச்சையாகி
ஊர் கழித்துவிட்டதெல்லாம் அதில்:
சவர்க்கார நுரை, வயல் மருந்து,
வார் அறுந்த ஒற்றைச் செருப்பு.
அந்தப் பக்கம் அலை வந்து வந்து
மணலைத் தொட்டுவிட்டுப் போகிறது.

மாரி கொட்டி, வாவி ஏறி,
பள்ளத்து வீடுகளின் படியில் தண்ணீர் நிற்கும்போது
வந்து வெட்டுவார்கள்.
முதலில் மண்வெட்டி அகலம்தான்,
ஒரு கால் வைக்குமளவு ஓடை.
விடிவதற்குள் அது ஆறாய் இரைந்து
அத்தனையையும் இழுத்துப் போய்விடுமாம்.
நான் கண்டதில்லை.
அந்த நேரம் நான் போறணையடியில்.

செவ்வாய் இரவு லீவு கேட்டேன்.
"செத்த வீடா?" என்றார் முதலாளி.
"இல்ல, நித்திரை."
அவர் சிரித்து முடிய நேரமெடுத்தது.

பத்துக்குப் படுத்தேன். பதினொன்று. பன்னிரண்டு.
ஒரு மணிக்கு என் கை
தலையணையைப் பிசையத் தொடங்கியது.
இந்திரமலர் கையைப் பிடித்தாள்.
"மா பொங்க ஈரத்துணி போட்டு மூடுவீங்கதானே,
இடையில் தொடுவீங்களா?"
"தொட மாட்டேன்."
"பிறகென்ன?"

தூரத்தில் ஒரு நாய்.
பழைய பழக்கத்தில் தெருவை எண்ணினேன்.
மூன்றாவது தெருவில் கணக்கு விட்டுப்போனது.
மறதியா, நித்திரையா,
அந்த இடத்தில் எனக்குத் தெரியவில்லை.

விடிய நௌபீல் பாண் கொண்டுவந்து
வாசலில் நின்றான்.
பிய்த்து வாயில் போட்டேன்.
உப்பு இருந்தது.
கொஞ்சம் கூட.